தரையின்மேல் தரை: மதீனாவின் கூழாங்கல் முதல் பொருநைக் கரையின் மரப்பலகை வரை



சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கும் சீவலப்பேரியிலும், அதனைச் சுற்றியுள்ள பாளையங்கோட்டை, மேலப்பாளையம் பகுதிகளிலும் அண்மைக் காலமாக ஒரு புதிய வழக்கம் பரவி வருகின்றது. பழைய சிமெண்ட் தரையையோ டைல்ஸ் தரையையோ இடித்துப் பெயர்க்காமல், அதன் மேலேயே மரப்பலகை போன்ற புதிய தரையை விரித்துவிடுகின்றனர். வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் இத்தகைய தரையைக் கண்டு திரும்பியவர்கள் தம் வீட்டிலும் அதனை விரும்புகின்றனர். முழங்கால் வலியால் அவதியுறும் முதியோர்க்குக் குளிர்ந்த தரையைவிட இது இதமானது என்று எண்ணிச் செய்வோரும் உளர்.

இது பற்றி மார்க்கம் அறிந்தோரிடம் பெரும்பாலும் இரண்டு கேள்விகள் கேட்கப்படுகின்றன. நல்ல தரை இருக்கும்போது அதன்மேல் மற்றொரு தரை போடுவது வீண்விரயம் ஆகுமா? குழந்தை அதன்மேல் சிறுநீர் கழித்துவிட்டால் எவ்வாறு தூய்மை செய்வது? இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆயினும், தரையின்மேல் தரை விரிப்பது நம் சமுதாயத்திற்குப் புதியதன்று. அதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிந்தபின் விடை காண்பது எளிதாகும்.

மதீனாவின் மண்தரை

நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் எழுப்பிய பள்ளிவாசல் சுட்ட செங்கல்லால் ஆனதன்று. வெயிலில் உலர்த்திய மண்கற்களே அதன் சுவர். பேரீச்ச மரத்தண்டுகளே தூண்கள். பேரீச்ச ஓலையே கூரை. தரையோ வெறும் மண். ரமளான் மாதத்தின் ஓரிரவில் மழை பெய்து கூரை ஒழுகியபோது, நபியவர்கள் ஈரமண்ணிலேயே ஸஜ்தா செய்ததையும், அவர்களது நெற்றியில் சேற்றின் அடையாளம் இருந்ததையும் அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது.

அபூதாவூதில் பதிவாகியுள்ள மற்றொரு செய்தி நம் தலைப்புக்கு மிக நெருக்கமானது. ஓரிரவு மழையால் பள்ளியின் தரை நனைந்துவிட்டது. ஒருவர் தம் ஆடையில் கூழாங்கற்களை அள்ளி வந்து தமக்குக் கீழே பரப்பிக்கொண்டார். தொழுகை முடிந்தபின் அதனைக் கண்ட நபியவர்கள், அச்செயல் எத்துணை அழகானது என்று பாராட்டினார்கள். இதனை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். பின்னர் உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் அகீக் பள்ளத்தாக்கிலிருந்து கூழாங்கற்கள் கொண்டுவரப்பட்டுப் பள்ளியில் பரப்பப்பட்டன என்பர் வரலாற்றாசிரியர். பழைய தரையை அகற்றாமலேயே அதன்மேல் இடப்பட்ட புதிய தரை அது. ஈரத்திலிருந்து தொழுவோரைக் காப்பதே அதன் நோக்கம்.

வீடுகளில் கூழாங்கல்லுக்குப் பதிலாகப் பாய் இருந்தது. பேரீச்ச ஓலையால் முடைந்த சிறு விரிப்புக்குக் ‘கும்ரா’ என்று பெயர். அதன்மேல் நபியவர்கள் தொழுதிருக்கிறார்கள். முலைக்கா (ரலி) என்னும் மூதாட்டியார் நபியவர்களை விருந்துக்கு அழைத்தபோது, நெடுங்காலப் பயன்பாட்டால் கறுத்துப்போன ஒரு பாயே அவ்வீட்டில் இருந்தது. அனஸ் (ரலி) அவர்கள் அதன்மேல் நீர் தெளித்துக் கொடுக்க, நபியவர்கள் அதில் நின்று தொழவைத்தார்கள். நபியவர்களின் இல்லத்திலோ ஒரே பாய் இருவேறு பணிகளைச் செய்தது. இரவில் அது தொழுகைக்கான தடுப்பாக நின்றது. பகலில் அமர்வதற்கான விரிப்பாயிற்று. பாயின் வரிகள் நபியவர்களின் விலாவில் பதிந்திருக்கக் கண்டு உமர் (ரலி) அவர்கள் கண்ணீர் வடித்த செய்தியை நாம் அனைவரும் அறிவோம்.

இங்கே நம் மண்ணோடு தொடர்புடைய ஒரு குறிப்பையும் சொல்ல வேண்டும். உஸ்மான் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 29-இல் மஸ்ஜிதுந் நபவியை விரிவுபடுத்தியபோது, சுவர்களைச் செதுக்கிய கற்களால் கட்டி, கூரைக்கு ‘ஸாஜ்’ என்னும் மரத்தைப் பயன்படுத்தினார்கள். ஸாஜ் என்பது தேக்கு. அரபு மண்ணில் தேக்கு இயற்கையாக விளைவதில்லை. இந்தியக் கரையிலிருந்து கடல் வழியாக அரபு நாடுகளுக்குச் சென்ற சரக்குகளுள் அதுவும் ஒன்று. ஆகவே, நல்ல மரத்தைக் கட்டடத்தில் பயன்படுத்துவது நம் மார்க்கத்திற்கு அந்நியமானதன்று. எந்த இடத்தில், எந்தத் தேவைக்குப் பயன்படுத்துகிறோம் என்பதே கவனிக்கத்தக்கது.

பொருநைக் கரையின் பழைய தரைகள்

தாமிரபரணிக்குப் பொருநை என்பது பழம்பெயர். இவ்வாற்றின் கரையில் வாழ்ந்த எளிய மக்களின் வீடுகளில், எந்தச் சமயத்தாராயினும், தரை மண்தரையே. மண்ணைப் பரப்பி, நீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி, மேலே மெழுகினர். கிராமங்களில் மெழுகுவதற்குச் சாணத்தைப் பயன்படுத்துவது பொது வழக்கம். நம் பகுதியில் பின்பற்றப்படும் ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளிலும் சாணம் அசுத்தமாகவே கருதப்படுகின்றது. எனவே அத்தகைய தரையில் தொழுவோர்க்குத் தூய்மையான ஒரு பாய் இன்றியமையாததாயிற்று. தரைக்கும் தொழுவோர்க்கும் இடையே ஒரு தூய அடுக்காகப் பாய் அமைந்தது.

வசதி படைத்தோர் சுண்ணாம்புத் தரை அமைத்தனர். உடைத்த செங்கல் சல்லியின் மேல் சுண்ணாம்புச் சாந்தைப் பரப்பி, நாள்கணக்கில் தட்டி, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரைச் சேர்த்து இறுகச் செய்து, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினர். மாடி வீடுகளில் ‘மச்சு’ என்னும் அமைப்பு இருந்தது. பனங்கையோ தேக்கு உத்திரமோ இட்டு, அதன்மேல் பலகை பரப்பி, பலகையின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு தளம் அமைப்பர். இன்று நாம் சிமெண்ட் தரையின்மேல் மரத்தை இடுகிறோம். அன்று மரத்தின்மேல் சுண்ணாம்பை இட்டனர். காரணம் எளிது. காலால் மிதிபட்டு, நீரால் கழுவப்படும் மேற்பரப்பு நீரைத் தாங்குவதாக இருக்க வேண்டும்; சுமையைத் தாங்கும் மரம் நீர் படாமல் அடியில் இருக்க வேண்டும். ரங்கூனோடும் இலங்கையோடும் வணிகம் செய்த நம் முன்னோர் பர்மாத் தேக்கின் அருமையை நன்கறிந்தவர்கள். ஆயினும் அதனைக் கதவுக்கும், நிலைக்கும், தூணுக்கும், உத்திரத்திற்கும் வைத்தார்களே தவிர, கீழ்த்தளத்துத் தரைக்கு வைக்கவில்லை.

பத்தமடையின் பாய்

இந்தத் தரைகள் அனைத்தின் மேலும் விரிக்கப்பட்ட ஒரு பொருளுக்காக நம் மாவட்டம் உலகெங்கும் அறியப்படுகின்றது. அதுவே பத்தமடைப் பாய். சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள பத்தமடையில் இப்பாயைத் தலைமுறை தலைமுறையாக நெய்து வருவோர் நம் லெப்பை சமூகத்தவர். அவர்களுள்ளும் பெண்களே மிகுதி.

ஆற்றங்கரையிலும் நீர்நிலைகளிலும் வளரும் கோரைப்புல்லைப் பச்சையாக அறுத்து, வெயிலில் உலர்த்தி, கத்தியால் கீறிப் பிளப்பர். பின்னர் ஓடும் நீரில் சில நாள்கள் ஊறவைப்பர். ஊறிய கோரையை மீண்டும் உலர்த்தி, மேலும் மெல்லிய இழைகளாகக் கிழிப்பர். பருத்தி நூலையோ பட்டு நூலையோ பாவாகக் கட்டி, கோரை இழையை ஊடையாகக் கோத்து நெய்வர். முற்காலத்தில் சிவப்புச் சாயத்திற்குச் சப்பங்கி மரம் பயன்பட்டது. மிக நேர்த்தியான பாயை நெய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அது துணிபோல் மடியும். 1953-ஆம் ஆண்டில் முடிசூடிய எலிசபெத் அரசியாருக்குப் பத்தமடைப் பாய் அன்பளிப்பாக அனுப்பப்பட்டது என்று இப்பகுதி மக்கள் பெருமையோடு சொல்வர். இன்று அப்பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது.

பாயின் சிறப்பு அதன் அழகில் மட்டும் இல்லை. கோரை காற்றை உள்ளே விடும். வியர்வையை ஏற்று விரைவில் உலரும். வெப்ப நாட்டுக்கு மிகப் பொருந்தும். அசுத்தம் பட்டால் எடுத்துச் சென்று கழுவி, வெயிலில் போடலாம். வேலை முடிந்ததும் சுருட்டி மூலையில் சாய்த்து வைக்கலாம். தரை ஈரமானால் அதனால் பாய் அழிவதில்லை. பாய் பழுதானால் அதனால் தரை கெடுவதில்லை. ஒன்றின்மேல் ஒன்று இருந்தும் இரண்டும் தனித்தனியே இருந்தன.

சிமெண்ட் வந்த பிறகு

இந்தியாவில் சிமெண்ட் உற்பத்தி செய்யும் முயற்சி 1904-ஆம் ஆண்டிலேயே சென்னையில் தொடங்கியது. அது நிலைக்கவில்லை. 1914-இல் குஜராத்தின் போர்பந்தரில் தொடங்கியதே வேரூன்றியது. நம் பகுதியைப் பொறுத்தவரை, 1946-இல் நிறுவப்பட்ட இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் திருநெல்வேலிக்கு அருகிலுள்ள தாழையூத்தில் 1949-இல் தன் முதல் ஆலையைத் தொடங்கியது பெரும் மாற்றத்திற்கு வழிவகுத்தது. எந்தச் சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் வேகவைத்து நம் முன்னோர் தரை அமைத்தார்களோ, அதே சுண்ணாம்புக்கல் அங்கே சிமெண்டாக மாறியது.

அதன்பின் நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளிலும் சிவப்புச் சிமெண்ட் தரை வந்தது. சிமெண்டோடு செஞ்சாயப் பொடியைக் கலந்து பூசி, கொத்தனார் மணிக்கணக்கில் குந்தியிருந்து கரணையால் தேய்த்துப் பளபளப்பாக்கிய தரை அது. ஆண்டுகள் செல்லச் செல்ல, நடந்து நடந்தே மெருகேறிய தரை. பின்னர் மொசைக் வந்தது. அதன்பின் டைல்ஸும் கிரானைட்டும் வந்தன. பல வீடுகளில் சிவப்புத் தரையைப் பெயர்க்காமல் அதன்மேலேயே டைல்ஸ் ஒட்டினர். நம் பழைய வீடுகளின் தரையைத் தோண்டிப் பார்த்தால், மண், சுண்ணாம்பு, சிமெண்ட், டைல்ஸ் என மூன்று நான்கு தலைமுறைகளின் அடுக்குகளைக் காணலாம். ஒவ்வொரு முறையும் வாசற்படி சற்றே தாழ்ந்தது. கதவின் அடிப்பகுதி சற்றே இழைக்கப்பட்டது.

மரத்தரையின் வரலாறு

மரத்தரை குளிர்நாடுகளின் வழக்கம். காடு மிகுந்து, குளிர் கடுமையாக உள்ள இடங்களில் பாதத்திற்கு வெதுவெதுப்பைத் தரும் தரை தேவைப்பட்டது. பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் நிகழ்ந்த ஒரு மாற்றம் நமக்குப் பாடமாகும். அங்கே பளிங்குத் தரைகளை அடிக்கடி நீர்விட்டுக் கழுவியதால், நீர் கசிந்து அடியிலிருந்த மர உத்திரங்கள் உளுத்துப்போயின. ஆகவே 1684-ஆம் ஆண்டில் பளிங்கைப் பெயர்த்துவிட்டு, கழுவத் தேவையற்ற மரத்தரையை இட்டனர். நீரையும் மரத்தையும் பிரித்து வைக்க வேண்டும் என்று நம் மச்சு வீட்டுத் தச்சர்கள் அறிந்திருந்ததையே வெர்சாயின் தச்சர்களும் அறிந்திருந்தனர். அவர்கள் நீரை விலக்கினார்கள். நாம் மரத்தை விலக்கினோம்.

இன்று நம் ஊர்க் கடைகளில் ‘மரத்தரை’ என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி முழுமரம் அன்று. அது லேமினேட். ஸ்வீடன் நாட்டின் பெர்ஸ்டார்ப் நிறுவனம் 1977-இல் இதனை உருவாக்கியது. மரநாரை அழுத்திச் செய்த பலகையின்மேல் மரத்தின் உருவம் அச்சிட்ட தாளை ஒட்டி, அதன்மேல் தேயாத கண்ணாடி போன்ற பூச்சை இட்டிருப்பர். 1990-களின் நடுப்பகுதியில் பசையின்றி ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ளும் முறை வந்தது. அதன்பின்னரே பழைய தரையின்மேல் ஒரே நாளில் ஓர் அறைக்குத் தரை விரிக்கும் வேலை உலகெங்கும் பரவியது. வாங்குவோர் இதனை அறிந்திருக்க வேண்டும். விற்போர் இதனை மறைக்கக் கூடாது. அச்சிட்ட தாளைத் தேக்கு என்று சொல்லி விற்பது நம் மார்க்கத்தில் மோசடியே.

தூய்மை பற்றிய சட்டம்

ஒரு கிராமவாசி மஸ்ஜிதுந் நபவியில் சிறுநீர் கழித்தபோது, அவ்விடத்தில் ஒரு வாளி நீரை ஊற்றுமாறு நபியவர்கள் பணித்தார்கள். மண்தரை அந்நீரை உள்வாங்கிக்கொண்டது. ஷாஃபிஈ மத்ஹபின்படி தரையைத் தூய்மையாக்க நீர் தேவை. ஹனஃபி மத்ஹபில், தரையும் தரையோடு பிணைக்கப்பட்ட செங்கல் போன்றவையும், உலர்ந்து அசுத்தத்தின் அடையாளம் நீங்கிவிட்டால் தொழுவதற்குத் தூய்மையாகிவிடும். தரையோடு பிணைக்கப்படாமல் விரிக்கப்பட்ட பொருளுக்கு இச்சலுகை இல்லை.

லேமினேட் தரை பழைய தரையோடு ஒட்டப்படுவதில்லை. மெல்லிய நுரைவிரிப்பின் மேல் மிதப்பதுபோல் கிடக்கின்றது. எனவே உலர்ந்தால் போதும் என்று விட்டுவிடாமல், அசுத்தத்தைத் துடைத்தெடுத்தபின், நன்கு நனைத்துப் பிழிந்த தூய துணியால் ஒவ்வொரு முறையும் துணியை அலசி மும்முறை துடைப்பதே பேணுதலான வழி. இதில் தாமதம் கூடாது. பலகைகளின் இணைப்பு வழியே ஈரம் கீழிறங்கினால் அதனை எடுக்க வழியில்லை. மரநார் உப்பி, விளிம்பு தூக்கிக்கொள்ளும். ஐயம் ஏற்படின் உங்கள் ஊர் ஆலிமிடம், உங்கள் மத்ஹபைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். சின்னஞ்சிறு குழந்தைகள் உள்ள அறையிலும், உளூச் செய்துவிட்டு ஈரக்காலோடு நடக்கும் வழியிலும், சமையலறையிலும் பழைய தரையை அப்படியே விட்டுவைப்பது நல்லது.

இடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

நம் ஊர் ஆற்றங்கரை ஊர். 1992 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் தாமிரபரணி கரைபுரண்டதை நாம் மறக்கவில்லை. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. வெள்ளம் புகுந்த வீட்டில் சிவப்புத் தரையைக் கழுவிவிட்டால் போதும். மரநார்ப் பலகையோ நீரில் ஊறினால் மீளாது. வெள்ளம் வந்த வரலாறு உள்ள கீழ்த்தளத்தில் இதனை இடுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெள்ளம் வராவிடினும் தரையடியிலிருந்து ஈரம் ஏறும். அதனை அறிய எளிய வழி உண்டு. ஓரடிச் சதுர பாலிதீன் தாளைப் பழைய தரையில் நான்கு பக்கமும் காற்றுப்புகாமல் ஒட்டி, ஓரிரு நாள்கள் விட்டுப் பாருங்கள். தாளின் அடியில் நீர்த்துளி கோத்திருந்தால் அத்தரை இன்னும் மூச்சு விடுகின்றது; ஈரத்தின் காரணத்தைச் சரிசெய்யாமல் அதன்மேல் எதையும் மூடலாகாது. கறையான் உள்ளதா என்று சுவரோரத்தையும் நிலைக்காலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆடும் டைல்ஸைப் பெயர்த்து நிரப்ப வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்க்கையில் இரண்டு மீட்டர் நீளத்தில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் இருந்தால் சமன்செய்ய வேண்டும். பலகைகளைப் பிரிக்காமல் இரண்டு நாள்கள் அதே அறையில் வைத்திருக்க வேண்டும். பங்குனி வெயிலிலும் ஐப்பசி ஈரத்திலும் மரம் சுருங்கி விரியுமாதலால், சுவரோரம் எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் இடைவெளி விடுவது கட்டாயம். தரை உயர்வதால் கதவை இழைக்க வேண்டிவரும். படிக்கட்டின் முதற்படி குறுகும். முதியோர் கால் இடறாதவாறு வாசலில் சரிவுப்பட்டை இட வேண்டும்.

வீண்விரயமா?

ஆயிஷா (ரலி) அவர்கள் ஒருமுறை வாசலில் ஒரு திரையைத் தொங்கவிட்டிருந்தார்கள். நபியவர்கள் அதனை விரும்பாமல் அகற்றி, கல்லுக்கும் மண்ணுக்கும் ஆடை உடுத்துமாறு நாம் ஏவப்படவில்லை என்னும் கருத்தைச் சொன்னார்கள். அத்துணியை ஆயிஷா (ரலி) அவர்கள் இரு தலையணைகளாக ஆக்கிக்கொண்டார்கள். நபியவர்கள் அதனைக் குறை கூறவில்லை. ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள இச்செய்தியையும், மழையிரவின் கூழாங்கல் பற்றிய செய்தியையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். சுவருக்கு அழகு செய்த துணி அகற்றப்பட்டது. மனிதருக்குப் பயன்பட்ட தலையணை ஏற்கப்பட்டது. தொழுவோரை ஈரத்திலிருந்து காத்த கூழாங்கல் பாராட்டப்பட்டது.

ஆகவே, தாயின் முழங்காலுக்காகவோ, வெடித்துப் பெயர்ந்த தரையை இடிக்கும் செலவையும் தூசியையும் தவிர்ப்பதற்காகவோ ஓர் அறைக்கு மரத்தரை இடுவதில் குற்றம் காண முடியாது. பழைய தரையை உடைத்து எறியாமல் அதனையே அடித்தளமாகக் கொள்வது சிக்கனமும் ஆகும். அண்டைவீட்டார் இட்டார் என்பதற்காகக் கடன் வாங்கி, அதிலும் வட்டிக் கடன் வாங்கி இடுவது வேறு செய்தி.

இரு கடமைகளையும் நினைவூட்ட விரும்புகிறேன். தச்சருக்குப் பேசிய கூலியை வியர்வை உலருமுன் கொடுத்துவிடுங்கள். மற்றொன்று, பாகம் பிரிக்கப்படாத பூர்வீக வீட்டில் ஒருவர் தம் செலவில் தரை இடுவதாயின், ஏனைய வாரிசுகளின், குறிப்பாகத் திருமணமாகி வேற்றூர் சென்ற சகோதரிகளின் சம்மதத்தைக் கேட்டுப் பெறுங்கள். செலவு அன்பளிப்பா, பின்னர் கணக்கில் சேர்ப்பதா என்பதை எழுதி வையுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு திருமறை அல்பகரா அத்தியாயத்தில் நமக்குக் கட்டளையிட்டுள்ளது. ‘தரை நான் போட்டது’ என்னும் ஒரு சொல்லிலிருந்து பங்காளிகளிடையே பேச்சு நின்றுபோக வேண்டாம்.

மரத்தரை இடும் முடிவுக்கு வருமுன் ஒருமுறை பத்தமடைக்கும் போய் வாருங்கள். கால் குளிர்கிறது என்பது மட்டுமே குறையாயின், நம் சகோதரிகள் நெய்த ஒரு பாய் அக்குறையைத் தீர்க்கக்கூடும். அவர்களுக்கும் அதனால் ஒரு வாரக் கூலி கிடைக்கும். பாயே போதும் என்று உங்கள் தாயார் சொன்னால் அதனையே வாங்குங்கள். போதாது என்றால், மேலே சொன்ன முறைப்படி தரையைச் சோதித்து, நல்ல ஆசாரியைக் கொண்டு பலகை இடுங்கள். எவ்வகையாயினும் அத்தரையில் தொழுகையும் திக்ரும் நிலைத்திருக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக! ஆமீன்.